ஹட்டன் – லண்டன்: டிக்கெட்டில் ஆறரை, வானத்தில் பதினொன்று, வாசலிலிருந்து எவ்வளவு?

18 ஆகஸ்ட் 2024, இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்து நோர்வூட் வாசகர் கேட்டது

என் மகள் அடுத்த மாதம் லண்டனுக்குப் படிக்கப் போகிறாள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக பிளேன் ஏறப்போவது அவள்தான். டிக்கெட்டில் பகல் 1.00க்குக் கிளம்பி அன்றைக்கே இரவு 7.30க்கு இறங்குவதாக இருக்கிறது. அப்படியானால் ஆறரை மணித்தியாலம்தானே? போனில் தேடினால் 8,700 கிலோமீற்றர், பதினொரு மணித்தியாலம் என்று வருகிறது. மாமனார் லண்டனுக்கும் நமக்கும் ஆறு மணித்தியால வித்தியாசம் என்கிறார். எது சரி? யாராவது விளங்கச் சொல்லுங்கள்.

18 ஆகஸ்ட், இரவு 9.20

அண்ணே, பதினொன்றுதான் சரி. டிக்கெட்டில் கிளம்பும் நேரம் கொழும்புக்குப் பக்கத்துக் கட்டுநாயக்க ஏர்போர்ட்டின் கடிகாரப்படி இருக்கும், இறங்கும் நேரம் லண்டன் கடிகாரப்படி இருக்கும். உலகம் முழுக்க அப்படித்தான் போடுவார்கள். செப்டெம்பரில் லண்டன் நமக்கு நாலரை மணித்தியாலம் பின்னால். மகள் இறங்கும்போது அங்கே இரவு 7.30 என்றால் நோர்வூட்டில் நடுச்சாமம் 12.00. பகல் ஒன்றிலிருந்து நடுச்சாமம் பன்னிரண்டு வரை எண்ணிப் பாருங்கள்.

நான் ஹட்டனில் வேன் ஓட்டுகிறேன். ஏர்போர்ட் ஹயர்தான் (வாடகை ஓட்டம்) அதிகம். பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டுத் திரும்பி வரும் தாய் தகப்பன் முகத்தைப் பின்கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறவன். “இந்நேரம் இறங்கியிருக்கணுமே, ஏன் இன்னும் கோல் வரல்லை?” என்ற கேள்வி கினிகத்தேனை ஏற்றத்திலேயே தொடங்கிவிடும். பாதிப் பயம் இந்தக் கடிகாரக் குழப்பத்தால் வருவது. அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

18 ஆகஸ்ட், இரவு 9.45

மாமனார் சொன்ன ஆறு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1996 மே மாதம் மின்சாரம் மிச்சம் பிடிக்க இலங்கை நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். அதே வருசம் ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே எடுத்தார்கள். 2006 ஏப்ரலில், புத்தாண்டோடு பழைய நேரத்துக்குத் திரும்பினோம். அந்த இடைக்காலத்தில் குளிர் மாதங்களில் லண்டனுக்கும் நமக்கும் ஆறு மணித்தியாலம்தான். அவர் அப்போது யாருடனோ பேசிப் பழகியிருப்பார். இப்போது கோடையில் நாலரை. ஒக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை ஐந்தரை.

19 ஆகஸ்ட், பகல்

பண்டாரவளைத் தம்பி ஒருவர் கேட்கிறார்: “பிளேன் மணிக்கு 900 கிலோமீற்றர் போகும். 8,700ஐ 900ஆல் வகுத்தால் பத்துக்கும் குறைவு. மிச்சம் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எங்கே போனது?”

நல்ல கேள்வி தம்பி. டிக்கெட்டில் இருப்பது வானத்தில் பறக்கும் நேரம் மட்டும் இல்லை. ஏர்போர்ட் கேட்டிலிருந்து பின்வாங்கி, ஓடுபாதைக்கு ஊர்ந்து, முறை வரும்வரை நின்று, ஏறி, அங்கே இறங்கி, மறுபடி ஊர்ந்து நிற்கும் வரை எல்லாம் சேர்த்துத்தான் அந்த நேரம். ஏறும்போதும் இறங்கும்போதும் 900 வராது. ஹீத்ரோவில் நெரிசலான நேரமென்றால் இறங்க இடம் கிடைக்கும்வரை பக்கத்திலேயே வட்டம் அடிக்க வைப்பார்கள்.

அப்புறம் காற்று. உயரத்தில், குறிப்பாக வடக்கே போகப் போக, மேற்கிலிருந்து கிழக்காக வேகமான காற்று வீசுகிறது. லண்டன் போகும்போது அது எதிர்க்காற்று, வரும்போது பின்னாலிருந்து தள்ளும். அதனால் போக ஏறக்குறைய பதினொன்று, திரும்பி வரப் பத்தரை. குளிர்காலத்தில் காற்று இன்னும் பலம், வித்தியாசமும் கூடும். ஒரே தூரத்துக்குப் போகும் நேரமும் வரும் நேரமும் வேறு என்பதைத் தமிழ்ப் பள்ளிக்கூடங்களில் புவியியல் படிப்பிக்கிற ஆசிரியர்கள் இந்த உதாரணத்தோடு சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள்.

20 ஆகஸ்ட், இரவு

தூரத்தைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. 8,700 என்பது எந்தக் கோட்டின் நீளம்?

சுவரில் தொங்கும் உலகப்படத்தில் கொழும்பிலிருந்து லண்டனுக்கு அடிமட்டம் வைத்துக் கோடு போட்டால் அது அரபிக்கடல், சவூதி, மத்தியதரைக் கடல் என்று போகும். அது குறுக்குவழி இல்லை. உருண்டைக்கு மேல் குறுக்குவழியைப் பார்க்க ஒரு தோடம்பழம் எடுத்து இரண்டு புள்ளி வைத்து நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் தானாக வடக்கே வளைந்து கிடக்கும். 8,700 என்பது அந்த நூலின் நீளம்தான்.

நம் நூல் எங்கே போகிறது தெரியுமா? கட்டுநாயக்கவில் கிளம்பி மன்னார் வளைகுடாவைத் தாண்டி, விருதுநகர்ப் பக்கம் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, பாலக்காட்டுக் கணவாய் அருகே மலையைக் கடந்து, மங்களூர்க் கரையில் கடலுக்கு இறங்குகிறது. அங்கிருந்து அரபிக்கடல், ஈரான். சரிபாதித் தூரம் முடியும் இடம் ஏறக்குறைய தெஹ்ரான். அப்புறம் ஆர்மீனியா, கருங்கடல், உக்ரைனின் ஒடெசா, சிலோவாக்கியா, ஜெர்மனி, லண்டன்.

இந்தப் பெயர்களை வாசித்தவுடனே விளங்கியிருக்கும், இன்றைக்கு இந்த நூலின் மேல் அப்படியே யாரும் பறக்க முடியாது. 2022 பெப்ரவரி 24 முதல் உக்ரைன் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடிக் கிடக்கிறது. 2024 ஏப்ரலில் ஈரான் இஸ்ரேல் மீது ஏவுகணை வீசிய இரவில் அந்தப் பக்கத்து நாடுகள் சில வான்வெளியைச் சில மணித்தியாலம் மூடின. விமானம் சுற்றிப் போகும், எரிபொருள் கூடும், நேரம் கூடும். எங்கேயோ நடக்கிற யுத்தத்தின் கணக்கு டிக்கெட்டிலும் வந்து நிற்கிறது.

22 ஆகஸ்ட், விடியற்காலை

நேற்று ஒரு ஹயர். இப்போதுதான் வந்து சேர்ந்தேன். வட்டவளையில் முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்குகூடத் தெரியாத மழை. நாட்டிலேயே அதிக மழை பெய்யும் இடங்களில் வட்டவளையும் ஒன்று, தென்மேற்குப் பருவக்காற்று முழுதாக முட்டி நிற்கும் சரிவு அது.

வரும் வழியெல்லாம் இந்தக் கணக்குத்தான் மனதில் ஓடியது. ஹட்டனிலிருந்து கட்டுநாயக்கவுக்குக் காகம் பறக்கும் நேர்க்கோட்டில் சுமார் 85 கிலோமீற்றர்தான். பாதையில் வந்தால் 140, 150. கினிகத்தேனை, கித்துள்கல, அவிசாவளை, கடுவெல. அங்கே அதிவேகப் பாதையில் ஏறி, கெரவலப்பிட்டியில் மாறி, கட்டுநாயக்க. நேர்க்கோட்டைப் போல் முக்கால் மடங்கு கூட. வானத்தில் யுத்தத்தைச் சுற்றிப் போனாலும் இந்த அளவு சுற்று வராது.

நேரத்தைப் பாருங்கள். நல்ல நாளில் ஹட்டனிலிருந்து நாலரை மணித்தியாலம். மழையிலும் மூடுபனியிலும் ஆறு. மண்சரிவு என்றால் கணக்கே இல்லை, நாவலப்பிட்டி, கம்பளை, கடுகண்ணாவை என்று சுற்ற வேண்டும், அந்தப் பக்கமும் மலைதான். அதிவேகப் பாதையில் ஏறிய பிறகுதான் எனக்கு மூச்சு வரும். கடுவெலயிலிருந்து நேரம் என் கையில், அதற்கு முன்னால் மலையின் கையில்.

சராசரி வேகம் போட்டுப் பார்த்தேன். கொழும்பு – லண்டன் மணிக்கு ஏறக்குறைய 790 கிலோமீற்றர். ஹட்டன் – கட்டுநாயக்க முப்பது.

22 ஆகஸ்ட், மாலை

ரயிலில் போனால் என்ன என்று கேட்டவருக்கு: போகலாம், செலவு மிகக் குறைவு. ஹட்டனிலிருந்து கொழும்புக் கோட்டை ஸ்டேசனுக்குச் சுமார் 170 கிலோமீற்றர், ஐந்தரை ஆறு மணித்தியாலம். அங்கிருந்து 187 பஸ் பிடித்து ஏர்போர்ட் பக்கம் போகணும். ஆனால் பிந்தும். வெளிநாட்டு விமானத்தைப் பிடிக்கும் நாளில் அன்று காலை ரயிலை நம்பாதீர்கள். முதல்நாள் போய் நீர்கொழும்பிலோ கொழும்பிலோ சொந்தக்காரர் வீட்டில் தங்க முடியுமென்றால் ரயில்போல நிம்மதி வேறு இல்லை.

25 ஆகஸ்ட்

பதுளையிலிருந்து ஒரு அக்கா, டொரன்டோவில் தம்பி குடும்பம். “அங்கே ஏன் நேராகப் போக முடியாது? வளைகுடா சுற்றிப் போவதால் எவ்வளவு தூரம் வீண்?”

அக்கா, கிட்டத்தட்ட ஒன்றும் வீணாகவில்லை. கொழும்பு – டொரன்டோ குறுக்குவழி சுமார் 14,000 கிலோமீற்றர். அந்தக் கோடு ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டி, 72 பாகை வடக்கு வரை ஏறி, கிரீன்லாந்துக்கு மேலே போய் இறங்குகிறது. டுபாய் வழியாகப் போனால்? கொழும்பு – டுபாய் 3,290, டுபாய் – டொரன்டோ 11,080. கூட்டினால் 14,370. டோஹா வழியாக 14,490. நானூறு ஐந்நூறு கிலோமீற்றர்தான் கூட. வானத்தில் அது அரை மணித்தியாலம்.

நேரத்தைத் தின்பது நடுவில் உட்காரும் நேரம். நாலரை மணித்தியாலம் டுபாய், அங்கே மூன்று மணித்தியாலம் காத்திருப்பு, அப்புறம் பதினான்கு. ஏறக்குறைய இருபத்திரண்டு. மாறும் இடத்தில் ஒன்றரை மணித்தியாலம்தான் இருக்கிறது, மலிவு என்று வாங்காதீர்கள். வயதானவர்கள் அந்தப் பெரிய ஏர்போர்ட்டில் கேட் தேடி ஓட முடியாது. சக்கர நாற்காலி வேண்டுமென்று டிக்கெட் போடும்போதே சொன்னால் தனிக் காசு கேட்க மாட்டார்கள். அம்மாவை அனுப்புகிறீர்கள் என்றால் கட்டாயம் சொல்லுங்கள்.

26 ஆகஸ்ட்

டுபாய் என்று எழுதியதும் மனதில் வந்தது. அந்த 3,290 கிலோமீற்றர் வழியில் எங்கள் தோட்டத்துப் பெண்கள் பலர் வேலைக்குப் போகிறார்கள். நாலரை மணித்தியாலப் பறப்பு. ஆனால் அவர்களுக்கு அது ஒருநாளும் நாலரை மணித்தியாலமாக இருந்ததில்லை. இரவு விமானத்துக்குக் காலை எட்டு மணிக்கே கொழும்பு ஆபீசுக்கு வரச்சொன்ன ஒரு ஏஜென்சிக்கு நான் ஆள் கொண்டுபோயிருக்கிறேன். அதற்காக அந்தப் பிள்ளை முந்தின நாள் இரவு பதினொன்றுக்குக் கைக்குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு வேனில் ஏறினாள். பகல் முழுக்க ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார வைத்துவிட்டு மாலைதான் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்தார்கள். எதற்காக அந்தக் காலை எட்டு மணி? கேட்டேன், பதில் சொல்லவில்லை. அந்தப் பத்து மணித்தியாலத்தைப் பிள்ளையோடு வீட்டில் இருக்க விட்டிருக்கலாம். இதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கோபம் வரும்.

போகிறவர்களுக்கு ஒரு விஷயம்: ஏர்போர்ட்டில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகப் பதிவையும் சரிபார்ப்பார்கள். அந்தத் தாள்களைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டாமல் கையில் வைத்திருங்கள். அதற்கும் சேர்த்து நேரம் வையுங்கள்.

28 ஆகஸ்ட்

நோர்வூட் அண்ணன் உள்பெட்டியில் கேட்டது எல்லாருக்கும் பயன்படும்: “மேலே போனால் மூச்சு முட்டுமா?”

முட்டாது. விமானம் முப்பத்தைந்தாயிரம் அடிக்கு மேல் பறந்தாலும் உள்ளே காற்றை அழுத்தி வைத்திருப்பார்கள். பழைய வகை விமானங்களில் உள்ளே இருப்பது ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரத்துக் காற்று. புதியவற்றில் ஆறாயிரம்தான். நுவரெலியா 6,128 அடி, பட்டிப்பொல ஸ்டேசன் அதற்கும் கொஞ்சம் மேலே. மலையில் பிறந்த பிள்ளைக்கு அது பழகின காற்று. ஆனால் ஈரப்பதம் மிகக் குறைவு, தொண்டை வறளும், தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். காது அடைப்பது கித்துள்கல இறக்கத்தில் அடைப்பதுபோல்தான், எச்சில் விழுங்கினால் விடும்.

1 செப்டெம்பர்

ஒருவர் எழுதியிருக்கிறார், “ஹட்டனுக்கு ஒரு ஏர்போர்ட் இருந்தால் இந்தக் கரைச்சல் எல்லாம் இல்லையே.”

ஹட்டன் பக்கத்துக் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் தண்ணீரிலேயே இறங்கும் சிறு விமானம் வந்து போயிருக்கிறது, சுற்றுலாப் பயணிகளுக்காக. கட்டுநாயக்கவிலிருந்து அரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. நாங்கள் அணைக்கட்டுப் பாதையில் நின்று பார்த்திருக்கிறோம். அதன் கட்டணம் தோட்டத் தொழிலாளி ஒருவரின் பல வாரச் சம்பளம். பெரிய விமானம் இறங்க நீளமான சமதரை வேண்டும், மேற்கு மலைச்சரிவில் அதற்கு இடம் எங்கே?

அப்புறம் இந்த மலைக்கும் விமானத்துக்கும் வேறொரு கதை இருக்கிறது. இளம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. 1974 டிசம்பர் 4. இந்தோனேசியாவின் சுரபயாவிலிருந்து ஜெத்தாவுக்கு ஹஜ் பயணிகளை ஏற்றிக்கொண்டு வந்த நெதர்லாந்து மார்ட்டின்எயார் நிறுவனத்தின் டிசி-8 விமானம். எரிபொருள் நிரப்பக் கட்டுநாயக்கவில் இறங்க வந்தது. இரவு பத்து மணி தாண்டி, நோட்டன் பிரிட்ஜ் பக்கம் ஏழு கன்னியர் மலையில் மோதியது. 191 பேர், ஒருவரும் மிஞ்சவில்லை.

சுரபயா – ஜெத்தா எவ்வளவு என்று நேற்றிரவு கணக்குப் போட்டேன். 8,640 கிலோமீற்றர். கொழும்பு – லண்டன் தூரத்துக்கு ஏறக்குறைய சமம். அதில் கொழும்பு வரை நாலாயிரம் கிலோமீற்றரைக் கடந்து வந்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது 75 கிலோமீற்றர். ஏர்போர்ட்டை இன்னும் நெருங்கிவிட்டதாக நினைத்து, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்டார்கள் என்பதுதான் விசாரணையின் முடிவு. இருட்டில், மலைநாட்டுக்கு மேலே, தூரத்தைக் கணித்ததில் வந்த பிழை.

என் அப்பா அப்போது மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை. சத்தம் கேட்டு, மலை உச்சியில் நெருப்பைப் பார்த்து, விடியும்முன் ஆண்கள் பந்தம் பிடித்துக்கொண்டு ஏறினார்கள் என்று சொல்வார். அங்கே பார்த்ததைக் கடைசிவரை முழுதாகச் சொன்னதில்லை. விமானத்தின் சக்கரம் ஒன்றை நோட்டன் பிரிட்ஜில் நினைவாக வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் ஹயர் போனால் நான் வண்டியை நிறுத்தாமல் போவதில்லை.

2 செப்டெம்பர்

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு நோர்வூட் அண்ணனின் மகளே எழுதியிருக்கிறாள், “அங்கிள், எனக்குப் பயமாக இருக்கிறது” என்று. மகளே, அதையும் சொல்லியிருக்க வேண்டும், இப்போது சொல்கிறேன். அதே வாரம், டிசம்பர் 1ஆம் திகதி, அமெரிக்காவில் வெர்ஜீனியா மாநிலத்திலும் ஒரு விமானம் இதேபோல் மலையில் மோதியது. அதற்குப் பிறகுதான் தரை நெருங்கினால் சத்தம் போட்டு எச்சரிக்கும் கருவியை அமெரிக்கா கட்டாயமாக்கியது, மற்ற நாடுகளும் பின்பற்றின. இன்றைக்கு விமானிக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பது செய்மதி மூலம் மீற்றர் கணக்கில் தெரியும், எந்தத் திசையில் எத்தனை அடிக்குக் கீழே இறங்கக் கூடாது என்பதும் வரைபடத்தில் இருக்கும். நீ பகல் வெளிச்சத்தில் கிளம்பி வடமேற்கே, கடல் பக்கமாகப் போகிறாய். நம் மலைக்கு மேலே வரவே மாட்டாய்.

8 செப்டெம்பர்

இந்த இழையில் எல்லாரும் தூரத்து ஊர்களைக் கேட்கிறீர்கள். லண்டன், டொரன்டோ, மெல்பர்ன். நான் ஒரு பக்கத்து ஊரைக் கேட்கிறேன். ஹட்டனிலிருந்து தமிழ்நாட்டு நீலகிரியில் இருக்கும் கோத்தகிரி எவ்வளவு தூரம்?

நேர்க்கோட்டில் 650 கிலோமீற்றர்.

என் பெரியப்பா குடும்பம் அங்கேதான். 1964 ஒக்டோபர் 30, சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். இலங்கையும் இந்தியாவும் சேர்ந்து, எங்கள் மலையகத் தமிழரில் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதாகக் கையெழுத்து. அந்தக் கணக்கில் ஒரு எண்ணாகப் போனவர் பெரியப்பா. ஹட்டன் ஸ்டேசனில் ரயில் ஏறி, தலைமன்னார், அங்கே ராமானுஜம் கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம். அப்புறம் நீலகிரியில், திரும்பி வந்தவர்களுக்காகத் தமிழக அரசு வைத்த டான்டீ தேயிலைத் தோட்டத்தில் வேலை. இங்கே பறித்த அதே கொழுந்து, அங்கேயும் குளிர். ரயில் கிளம்பும்போது ஸ்டேசன் முழுக்க ஒப்பாரி என்று அம்மா சொல்வார். கப்பல் 1980களின் நடுவில் யுத்தத்தோடு நின்றுபோனது.

லண்டனில் இருக்கும் என் தங்கச்சி 8,700 கிலோமீற்றர் தாண்டி விடுமுறைக்கு வந்து போகிறாள். 650 கிலோமீற்றரில் இருக்கும் பெரியப்பாவின் மகனை நான் நேரில் பார்த்ததே இல்லை. வட்ஸ்அப்பில் பேசுவோம். அவன் கேட்பான், “இப்ப எவ்வளவு தூரம்ணே, ஒரு மணி நேரம்தானே பிளேன்ல?” ஆமாம். கொழும்பு – திருச்சி 420 கிலோமீற்றர்கூட இல்லை, ஒரு மணித்தியாலம்தான். சென்னை 650க்குள், ஒன்றேகால் ஒன்றரை. ஆனால் அவன் கோத்தகிரியிலிருந்து திருச்சிக்கு இறங்கி வரணும், நான் ஹட்டனிலிருந்து கட்டுநாயக்கவுக்கு இறங்கணும், இரண்டு பக்கமும் பாஸ்போர்ட், விசா, மூன்று மணித்தியாலம் முன்னால் போய் நிற்பது. கூட்டினால் ஒரு முழு நாள். ஒரு மணித்தியாலப் பறப்புக்கு ஒரு நாள், அதற்கு இரண்டு மாதச் சேமிப்பு. இரண்டு மலைக்கும் நடுவே இருப்பது இந்தக் கணக்குத்தான், கடல் இல்லை.

9 செப்டெம்பர்

கப்பல் திரும்ப ஓடுகிறதே என்று நினைவூட்டிய இருவருக்கும் நன்றி. ஆமாம், நாகப்பட்டினம் – காங்கேசன்துறை. 2023 ஒக்டோபரில் தொடங்கி நின்று, 2024 ஆகஸ்ட் 16 முதல் மறுபடி ஓடுகிறது. யாழ்ப்பாணம் – சென்னை விமானமும் இருக்கிறது. ஆனால் எங்களுக்குக் காங்கேசன்துறை கட்டுநாயக்கவைவிட மிகத் தூரம். மலையகத்து ஆளுக்கு நேரம் மிச்சமாகாது. பெட்டி நிறையச் சாமான் கொண்டுபோகிறவர்களுக்கு உதவும். தலைமன்னார் – ராமேஸ்வரம் திரும்ப வந்தால் அது வேறு கதை. பதுளை ரயிலில் ஏறினவர் பொல்கஹவெலயில் மாறித் தலைமன்னார் இறங்குத்துறை வரை ரயிலிலேயே போகலாம். மன்னாருக்கு அந்தத் தண்டவாளத்தை யுத்தத்துக்குப் பிறகு மறுபடி போட்டாயிற்று. மறுகரையில் பாம்பனிலும் புது ரயில் பாலம் எழுந்துவிட்டது. நடுவில் ஒரு கப்பல்தான் குறை. இதை எழுதும்போதே ஆசையாக இருக்கிறது.

12 செப்டெம்பர்

நோர்வூட் அண்ணே, 14ஆம் திகதிக்கு நான்தான் வேன் கொண்டுவருகிறேன், பேசிவிட்டோம். வீட்டில் எல்லாரும் பார்க்க நேரக்கணக்கை இங்கேயே எழுதிவிடுகிறேன், எல்லாம் நம்ம ஊர் நேரத்தில். இதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

அதிகாலை 4 மணிக்கு லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலில் கிளம்புகிறோம். சாமி கும்பிடுவது, திருநீறு பூசுவது எல்லாம் மூன்றரைக்குள் முடியணும். மழை இல்லையென்றால் 9 மணிக்கு ஏர்போர்ட், மழை என்றால் 10. இரண்டுக்கும் தாங்கும். பகல் 1 மணிக்கு விமானம். மாலை ஆறரை, அண்ணி பெரட்டுக் கதை (காலையில் தோட்டத்து வேலை பிரிக்கும் இடத்துக் கதை) பேசிக்கொண்டு தேத்தண்ணி குடிக்கும் நேரம், அவள் பாதி வழியில் இருப்பாள். நடுச்சாமம் 12க்கு இறங்கும். இறங்கியவுடனே கோல் வராது! குடிவரவு வரிசை, பெட்டி எடுப்பது, ஏர்போர்ட் வைபை பிடிப்பது. கோல் வர ஒன்றரை ஆகலாம், இரண்டும் ஆகலாம். அதற்கு முன்னால் ஒருவரும் பயப்படக் கூடாது. அறைக்குப் போய்ச் சேர நம் நேரம் அதிகாலை 3. வாசல் முதல் வாசல் வரை இருபத்துமூன்று மணித்தியாலம். அதில் விமானம் பாதிக்கும் குறைவு.

15 செப்டெம்பர்

போய்ச் சேர்ந்துவிட்டாள். கோல் 1.40க்கு வந்ததாம். அண்ணி தாளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாராம்.

நேற்றுத் திரும்பி வரும்போது அவிசாவளையில் தேத்தண்ணிக் கடையில் நின்று போனில் விமானத்தைப் பார்த்தோம். அண்ணனுக்கு அது ஒரு சிறு மஞ்சள் படம்தான், ஆனால் அசைகிறது என்று கண்டவுடனே முகம் மாறியது. கடலுக்கு மேலே போகிறாள் என்றார். பிளைட்ரேடார் போன்ற இந்த ஆப்களை இலவசமாகவே பார்க்கலாம், விமான இலக்கத்தை அடித்தால் போதும். நடுக்கடலில் சில நேரம் படம் மறைந்துவிடும். தரையில் இருக்கும் கருவிக்குச் சைகை எட்டாத இடம் அது, விமானத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. இதையும் முன்கூட்டியே பெற்றோருக்குச் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் உதவி செய்யப் போய்ப் பயம் காட்டினதாகிவிடும்.

2 ஒக்டோபர்

நேற்றிரவு ஈரான் மறுபடியும் இஸ்ரேல் மீது ஏவுகணை. வான்வெளிகள் மூடின, பல விமானங்கள் திரும்பின, திசை மாறின. இந்த வாரம் லண்டன், ஐரோப்பா போகிறவர்கள் நேர அட்டவணையை நம்பி மறுமுனையில் பஸ், ரயில் எதையும் நெருக்கமாக புக் பண்ணாதீர்கள். இங்கிருந்து கிளம்பும்முன் விமானம் நேரத்துக்குத்தானா என்று பார்த்துவிட்டே வேனை வரச்சொல்லுங்கள். நாலு மணிக்கு எழுந்து மலை இறங்கிய பிறகு பிந்துகிறது என்று கேள்விப்படுவது பெரும் கொடுமை.

27 ஒக்டோபர்

லண்டனில் இன்று அதிகாலை கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னே வைத்துவிட்டார்கள். இனி மார்ச் கடைசி வரை ஐந்தரை வித்தியாசம். நோர்வூட் அண்ணே, மகள் வழக்கமாக அங்கே மாலை 5க்கு எடுப்பாள் என்றீர்களே, இங்கே 9.30க்கு வந்த கோல் இன்றிலிருந்து 10.30க்குத்தான் வரும். அண்ணி காலையில் கொழுந்து பறிக்கப் போகணும் என்றால் மகளை 4 மணிக்கு எடுக்கச் சொல்லுங்கள்.